இரண்டு தோள் வாள்

போன வாரம் கொஞ்சம் ஆணி வாங்க நம் இரும்புக் கடைக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அந்தக் கடையைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூலையில் நாற்காலி போட்டு ஒரு தே தாரிக் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அன்றைக்கு அங்கே ஒரு காரியத்தைப் பார்த்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெண்டாங்கிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஊதினால் விழுந்துவிடுவார், அவ்வளவு ஒல்லி. வீட்டுக்குப் பின்னால் காய்ந்து நிற்கும் இரண்டு மூன்று மரங்களை வெட்டி விறகாக்க வேண்டும், அதற்கு ஒரு செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின் வாள், வேண்டும் என்றார். உங்களில் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், முகம் சிவந்துவிடும்) கடையிலேயே பெரிய வாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது எந்த மரத்தையும் வெண்ணெய் மாதிரி வெட்டும் அங்கிள்" என்றார். வந்தவருக்கும் வாயெல்லாம் பல். அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, முன்சக்கரம் தூக்கத் தூக்கப் போனார்.

வேலையை விட்டுப் போனவன் கல்லாவுக்கு முன்னால் நின்று வாய் திறந்தால் மரியாதை கெட்டுப்போகும். ஆனால் ஒரு கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் இதே கடையின் பழைய முதலாளி. நாங்கள் அவரைப் பாய் என்போம். அவர் கேட்டபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என் அக்காளும் மச்சானும் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் உங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு பக்கம். எங்களுக்கு அது ஒரு முள்வேலி. மெர்போக் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், அங்கங்கே சிதறிக் கிடந்த கூலிக்காரர்களின் லயத்து வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் இரண்டடுக்கு முள்கம்பி போட்டார்கள். ஒரே கதவு. விடிந்ததும் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். சாத்திய பிறகு வெளியே நடமாடுகிறவன் காட்டுக்காரன் என்று கணக்கு. கேட்காமலே சுடலாம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கைப்பிடிச் சோறுகூட வெளியே கொண்டு போக முடியாது. பசித்தால் வேலிக்குள் திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்துப் பெயர்ப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வேலிக்குள் இடம். பெயர் இல்லாதவன் இரண்டாம் நாளே மூட்டை கட்ட வேண்டும்.

என் மச்சான் வீரையாவின் பெயர் அந்தப் பதிவில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காளைக் கட்டியவர். எனக்கு அப்பா அம்மா இல்லை, இவர்கள் வீட்டில்தான் நானும் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தேன். மச்சானுக்கு வாய் கொஞ்சம் நீளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும், வேலை வாங்கும் மண்டோரை எதிர்த்துப் பேசியதில், பால்மரம் சீவுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கெழுதும் கிராணி நல்ல மனிதர். துரையிடம் கெஞ்சி, புகைக்கூடத்துக்கு விறகு வெட்டிப் போடும் வேலையை மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தார். ரப்பர் ஷீட்டைக் காய வைக்கிற அந்தப் புகைக்கூடத்தில் இரவும் பகலும் அடுப்பு எரியும். அது எரிகிறவரை மச்சான் பெயர் பதிவில் இருக்கும், அக்காளோடு வேலிக்குள் இருக்கலாம். விறகு குறைந்தால் அந்த வேலை கூலிம் ஊரில் லாரி வைத்திருக்கும் ஒரு குத்தகைக்காரன் கைக்குப் போய்விடும். துரை அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

மச்சானுக்குக் கூட்டு நான். பால் குறைந்த பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து, ஆளுக்கொரு பிடியாக இரண்டு கைப்பிடி வாளில் அறுப்போம். அந்த வாளுக்கு ஒரே சட்டம்தான். இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. அவர் இழுக்கும்போது நான் விட்டுக் கொடுக்க வேண்டும், நான் இழுக்கும்போது அவர். நான் அவசரக்காரன், தள்ளிவிடுவேன். வாள் நெளிந்து நிற்கும்.

"தள்ளாதடா மாப்ள. என் வேலைய நான் பாத்துக்கறேன், உன் வேலைய நீ பாரு."

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். நடு நடுவே கிராணி நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார், துரை தமிழ் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவார். அறுத்து முடிந்ததா என்றுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களைப் போல ஒரு நாள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. ஆயிரம் பேரோடு வேலை செய்துவிட்டேன், வாய்க்கவில்லை.

துரை புகைக்கூடத்தைப் பெரிதாக்கினார். விறகும் கூட வேண்டியதாயிற்று. கை வாளில் தாக்குப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் பெட்ரோலில் ஓடும் மெஷின் வாள்கள் சுங்கைப் பட்டாணி டவுன் கடைகளில் தலைகாட்டின. அக்காள் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம்.

பாய் இரண்டு வாள்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது. ஒருவர் தூக்கி வேலை செய்யலாம், ஆனால் தடித்த மரமென்றால் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். மற்றது பெரியது. இந்தப் பக்கம் இயந்திரம், அந்தப் பக்கம் நுனியில் இன்னொருவர் பிடிக்க ஒரு கைப்பிடி. ஒரே வீச்சில் எந்த ரப்பர் மரமும் இரண்டாகும். அதைப் பார்த்த மாத்திரத்தில் என் மனம் அதோடு போய்விட்டது. ஆளுக்கொரு பிடி இருந்ததும் ஒரு காரணம். இயந்திரம் வந்தாலும் மச்சான் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"விறகுக்குத்தானே தம்பி? சின்னது போதும்," என்றார் பாய்.

"தடி மரம் பாய். பெருசுன்னா ரெண்டு மரம் அறுக்கற நேரத்துல மூணு அறுக்கலாம்," என்றேன்.

பாய் தராசில் தொங்கவிட்டுக் காட்டினார். அறுபத்தைந்து ராத்தல், இன்றைய கணக்கில் முப்பது கிலோ. அக்காள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவுதானா? நான் தினம் தூக்கற காண்டால இதவிடக் கூட இருக்குமே பாய்."

காண்டா என்றால் தெரியும்தானே? தோளில் ஒரு கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளி. எங்கள் தோட்டத்துப் பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் குடுகுடுவென்று ஓடுவார்கள். எங்களுக்குக் கனம் என்றால் காண்டாதான் அளவு. எதைப் பார்த்தாலும் காண்டாவைவிடக் கூடவா குறைவா என்று பார்ப்போம். வேறு ஊர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

"ஒன் காண்டா ரெண்டு பக்கமும் ஒரே கனம்மா," என்றார் பாய். "அது தானா நிக்கும். இது எல்லாக் கனமும் ஒரு பக்கம். நீ புடிச்சு நிறுத்தணும்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, தூக்கிட்டு தபால் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வா."

வரும் வழியில் ரொட்டி சானாய் நான்கு தின்றிருந்தேன். வயது பத்தொன்பது. தார் ரோடு, பலகை போலச் சமம். தொட்டியில் பெட்ரோலும் இல்லை. தோளில் ஏற்றிக்கொண்டு கல்யாண ஊர்வலம் மாதிரி போய்விட்டு வந்தேன். கடை வாசலில் நின்ற பெண்கள் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு.

பாய் சிரிக்கவில்லை. "எங்கிருந்து எங்க தூக்கணும்?"

"காட்டோரத்துல இருந்து வேலிக்கு. ஒன்றரை மைல் இருக்கும். கம்புல கட்டி ரெண்டு பேரும் தூக்குவோம்."

"ஒருத்தர் இல்லாத நாள்ல?"

"அப்படி ஒரு நாள் வராது பாய்," என்று நான் சிரித்தேன். மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

இதுதான் அந்தக் கேள்வி.

முதல் இரண்டு மாதம் வாள் ராஜாவாக இருந்தது. மரங்கள் விழுந்தன, விறகு மலையாகக் குவிந்தது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. இயந்திரம் போடுகிற கூச்சலில் மச்சான் வாயசைப்பது மட்டும் தெரியும், என்ன சொன்னார் என்று தெரியாது. "தள்ளாதடா" என்று சொல்லவும் அவசியமில்லாமல் போயிற்று. அதை நான் அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை.

வாளுக்கென்று வேலிக் கதவில் தனிச் சட்டம் இருந்தது. காலையில் வாளின் நம்பரையும் பெட்ரோல் அளவையும் எழுதிக்கொண்டுதான் வெளியே விடுவார்கள். மாலையில் வாள் ஆட்களோடு திரும்பி வர வேண்டும், மீந்த பெட்ரோலும் வர வேண்டும். வராவிட்டால் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, வாளைப் புதரில் மறைத்து வைத்துவிட்டு வர வழியில்லை. எவ்வளவு கனமோ அவ்வளவையும் தினமும் தூக்க வேண்டும்.

கதவில் நின்ற மலாய்க் காவல்காரரை அபாங் டின், அதாவது டின் அண்ணன், என்று கூப்பிடுவோம். ஐந்தரைக்கு ஒரு தடவை, ஆறுக்கு ஒரு தடவை, தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பார். இரண்டாவது அடிக்கு முன், கடைசியாக உள்ளே வருகிறவரிடம் கேட்பார், "அடா லாகி?" இன்னும் ஆள் இருக்கிறதா என்று அர்த்தம். யாராவது பாக்கி இருந்தால் வந்தவர் "அடா" என்பார், இருக்கிறது என்று. இல்லாவிட்டால் "ஹாபிஸ்" என்பார், முடிந்தது என்று. கதவைச் சாத்துவார். தினமும் இதுதான். சட்டம் கேட்கச் சொல்லவில்லை, அவராகக் கேட்பார்.

ஒரு தடவை, சனிக்கிழமைக்குள் இத்தனை அடுக்கு விறகு வேண்டும் என்று துரை கறாராகச் சொல்லியிருந்தார். நடுவில் மூன்று நாள் அடைமழை, வேலை நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்விட்டோம். மத்தியானம் சாப்பிட வேலிக்குத் திரும்பினால் போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல். வாளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "ஒரு வேள சாப்பிடலன்னா செத்தா போயிருவோம்" என்றார் மச்சான். தண்ணீரைக் குடித்துவிட்டு அறுத்தோம்.

நான்கரை மணிக்கு மேல் இன்னும் ஒரே ஒரு மரம். மச்சான் போதும் என்று கை காட்டினார். நான் இதையும் முடித்துவிடலாம் என்று கை காட்டினேன். பேசியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேனோ என்னவோ. கூச்சலில் யார் பேசுவது? பாதி அறுக்கும்போது மரம் அசைந்து, அறுத்த வாய் மூடிக்கொண்டு வாளைக் கவ்விக்கொண்டது. சின்ன வாளாக இருந்தால் உருவி எடுத்திருக்கலாம். இது அசையவில்லை. ஆப்பு சீவி அடித்து, கம்பு கொடுத்து நெம்பி, வாளை வெளியே எடுத்தபோது தூரத்தில் தண்டவாளம் ஒலித்தது. ஐந்தரை.

சாக்கை வாளுக்குச் சுற்றி, கம்பில் கட்டி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் ஏற்றினோம். சுங்கைப் பட்டாணித் தார் ரோட்டில் நான் தூக்கிய அதே வாள்தான். வெறும் வயிறு, மழையில் ஊறிய சேறு, ஒற்றைப் பலகை போட்ட ஓடை. பலகையைத் தாண்டியதும் கம்பை மறு தோளுக்கு மாற்றினேன். முன்னால் இன்னும் ஒரு மேடும் ஒரு மைல் வழியும் இருந்தன. சூரியன் குனோங் ஜெராய் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

எனக்குத் தலைக்குள் ஒரே ஓட்டம். வாளை விட முடியாது. பிந்தவும் முடியாது. நான் கம்பை இறக்கினேன்.

"மச்சான், நான் ஓடிப் போய் அபாங் டின்கிட்ட சொல்லிக் கதவ நிறுத்தி வெக்கிறேன். நீங்க வந்துருங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேணாம் மாப்ள. சேந்தே போவோம். பிந்துனாலும் ரெண்டு பேரா நின்னு பதில் சொல்லலாம்லா."

"நான் ஓடுனா பத்து நிமிசம் மச்சான்."

அவர் வாளைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். என் அவசரம் அவருக்குத் தெரியும். இழுத்துப் பிடித்தாலும் நிற்க மாட்டேன் என்பதும் தெரியும். "சரி, போ" என்றார். கம்பிலிருந்து வாளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும். நான் என் காலை மட்டும் கணக்குப் போட்டேன். என் கால் பத்து நிமிடத்தில் போகும், அது சரி. ஆனால் இரண்டு தோளில் இருந்த கனத்தை ஒரு தோளுக்கு மாற்றிவிட்டுப் போகிறேன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சேர்ந்து நடந்திருந்தால் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பிந்தியிருப்போம். அபாங் டின் அவ்வளவு நேரம் நிச்சயம் சமாளித்திருப்பார். தனியாக அந்த வாளோடு அந்த மேட்டை ஏற ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று நான் யோசிக்கவில்லை. நெருக்கடியில் ஓடுகிறவனுக்குத் தான் ஏதோ செய்கிற மாதிரியே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கதவை அடைந்தபோது இரண்டாவது அடிக்கு இரும்பு ஓங்கியிருந்தது.

"அடா லாகி?" என்று கேட்டார் அபாங் டின்.

"அடா, அபாங். ஒரு ஆளு. மச்சான். மெஷினோட வர்றாரு."

அவர் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. பாதையில் யாரும் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம். நான் வெளியே ஓடப் பார்த்தேன், துப்பாக்கியைக் குறுக்கே வைத்துத் தடுத்துவிட்டார். "நீயும் போனா ரெண்டு பேரு வெளியே" என்று மலாயில் சொன்னார். அப்போது ரோட்டு வளைவில் ராணுவ லாரியின் வெளிச்சம் திரும்பியது. அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"தாக் போலே துங்கு லாகி, தம்பி." இதற்கு மேல் காத்திருக்க முடியாது. கதவைச் சாத்திப் பூட்டினார்.

அக்காள் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. "மச்சான் எங்கடா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வெளியே யாரோ அதட்டும் குரல், அதன்பின் கனமான இரும்பு ஒன்று கல்லில் மோதுகிற சத்தம். லாரியில் வந்த சிப்பாய்கள் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாளைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படித் தூக்குவார்? கீழே போட்டுவிட்டார். நல்ல வேளை, சுடவில்லை. வேலிக்கு முந்நூறு கஜம்தான் இருந்தது. அவ்வளவு தூரம் தனியாகத் தூக்கி வந்துவிட்டார் அந்த மனிதர்.

விழுந்ததில் தொட்டி பிளந்து பெட்ரோல் மண்ணில் போய்விட்டது. பெட்ரோல் எங்கே என்று கேட்டார்கள். கொட்டிவிட்டது என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இருட்டுகிற நேரத்தில் தனி ஆள், காலியான தொட்டி, மண்டோரை எதிர்த்துப் பேசியவன் என்ற பழைய பெயர். நானும் கிராணியும் போய்ச் சொன்னோம், அபாங் டின்னும் வந்து சொன்னார். துரை ஒரு வார்த்தை சாதகமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவர் பதிவைப் புரட்டிப் பார்த்தார். சனிக்கிழமை விறகு வந்து சேரவில்லை, வேலையைக் கூலிம்காரனுக்குக் கொடுத்தாயிற்று, வீரையா என்று இந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை என்றார். அத்தோடு முடிந்தது. சில மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். மச்சான் பிறந்தது இதே கெடாவில். இந்தியாவில் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

அக்காள் நானும் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நானும் வருகிறேன் என்றேன். நாங்களே எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று தெரியவில்லை, நீ இங்கேயே இரு, உன் பெயராவது பதிவில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். விறகு வேலை போனாலும், கிராணியின் தயவில் பழைய மரம் சாய்க்கும் வேலையில் என் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். மச்சான் மெலிந்து, தாடி வைத்திருந்தார். வலது தோளை ஒரு மாதிரி சாய்த்தே நின்றார். நான் அழுதேன். "நான்தான் மச்சான், நான்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கம்பிக்குள் விரலை விட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாள வித்துரு மாப்ள. பாய் சொன்ன சின்னத வாங்கிக்க."

நான் தலையாட்டினேன்.

"இனிமே நீ தனியாத்தானே தூக்கணும்," என்றார்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இத்தனை வருடம் அதைச் சுமந்திருக்க மாட்டேன். அக்காள் நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று சொன்னாள். பிறகு இருவரும் போய்விட்டார்கள். அக்காள் சில வருடம் கடிதம் போட்டாள். ஊர் பிடிக்கவில்லை, வெயில் தாங்கவில்லை, மச்சான் இங்கேயும் ஒருவனிடம் வாய் கொடுத்துவிட்டார் என்றெல்லாம் எழுதுவாள். அந்த வரியைப் படித்துவிட்டு நாள் முழுக்கச் சிரித்தேன். அப்புறம் கடிதம் நின்றது. நான் போட்டவை திரும்பி வந்தன. அவர்களை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

பிளந்த தொட்டியோடு வாளைப் பாயிடம் கொண்டுபோனேன். முழுக்கதையும் கேட்டார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியதை எடுத்து வைத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்தார். "காடு அலுத்துப் போனா இங்க வா" என்றார். ஒன்றரை வருடம் கழித்துப் போனேன். அப்படித்தான் உங்கள் கடைக்கு வந்தேன்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, விறகுக்கு வாள் கேட்டு வந்த ஒருவரையும் எந்த மரம் என்று நான் முதலில் கேட்டதில்லை. எங்கிருந்து எங்கே தூக்க வேண்டும், யார் தூக்குவது, கூட இருப்பவர் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்பேன். மெஷினைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன், அதுவும் தொட்டியை நிரப்பி. முடிந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வரச் சொல்வேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நீங்கள் உள்ளே பேசிக்கொண்டது என் காதில் விழாமல் இல்லை. விறகு வெட்ட எவ்வளவு சக்தி போதுமோ அவ்வளவு இருந்தால் போதும். மிச்சமெல்லாம் ஒரு ஆளின் தோளில்தான் போய் ஏறும். அந்தப் பெண்டாங்குக்காரருக்கு இன்றைக்கே ஃபோன் செய்து, வேண்டுமானால் சின்னதாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முதலாளி கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

சின்ன வாளைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். அது நல்ல வாள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறலாம், ஓடையைத் தாண்டலாம். தினமும் ஐந்தரை அடிப்பதற்கு முன்பே நான் வேலிக்கு வந்துவிடுவேன். அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனால் அடுப்பு அணைந்து கிடக்கும். அதனால் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அபாங் டின் மற்றவர்களிடம் எப்போதும் போலக் கேட்பார். நான் பக்கத்தில் இருந்தால் கேட்க மாட்டார். பாதையைப் பார்த்துவிட்டுச் சாத்திவிடுவார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டைக்குப் போகிறவன் மாதிரி அவர் முன்னால் போய் நின்றேன்.

"கேளுங்க, அபாங்."

அவர் தண்டவாளத்தை அடிக்க எடுத்த இரும்பைக் கீழே வைத்தார்.

"அடா லாகி?"

நான் பாதையைப் பார்த்தேன். மேடு வரை யாரும் இல்லை.

"அடா," என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். ஒரு சுருட்டைப் பற்ற வைத்து, அது பாதி எரிகிறவரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு நின்றார். பிறகு சாத்தினார்.